காட்சியும் கேள்வியும்: காணொளிக் கூட்டங்கள் பற்றிய ஒரு மறுப்பு

வணிக நிறுவனங்கள் காணொளிக் கூட்டங்களைப் பயனுற நடத்துவது எவ்வாறு என்பது பற்றிய அறிவுரைகளுக்கு இன்று பஞ்சமில்லை. முகாமைத்துவப் பயிற்சி வகுப்புகளிலும் நிறுவனங்களின் உள்ளகச் சுற்றறிக்கைகளிலும் அவை ஏறத்தாழ ஒரே வாய்பாடாக ஓதப்படுகின்றன. வெளிச்சம் முகத்தின் முன்னிருந்து விழுதல் வேண்டும். கமெரா கண்மட்டத்தில் அமைதல் வேண்டும். பின்னணி தூய்மையாயிருத்தல் வேண்டும். பேசுபவர் திரையிலுள்ள முகங்களை நோக்காது கமெராவின் வில்லையை நோக்குதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டம் முடியும்வரை எவரும் கமெராவை அணைத்தலாகாது. இவ்விதிகளைச் சேர்த்து நோக்கும் ஒருவருக்கு, இவை கூட்டமொன்றுக்கு வகுக்கப்பட்டவையா, அன்றிப் புகைப்பட நிலையமொன்றுக்கு வகுக்கப்பட்டவையா என்ற ஐயம் எழுதல் இயல்பே. யார் தலைமை தாங்குவது, எப்பொருள் பற்றிப் பேசுவது, யாருக்கு எப்போது பேச்சுரிமை, எது முடிவு, அம்முடிவை யார் பதிவது என்பன பற்றி அவற்றிற் பெரும்பாலும் ஒரு வரியேனும் இருப்பதில்லை.

இக்குறைபாடு தற்செயலானதன்று. காணொளிக் கூட்டத்தின் சிறப்பு காணுதலே என்ற எண்ணம் அதன் அடியில் உள்ளது. தொலைபேசியில் இல்லாத ஒன்று இதில் உண்டு, அது முகம், ஆகவே முகத்தைச் செம்மை செய்தாற் கூட்டமும் செம்மையுறும் என்பது அவ்வெண்ணத்தின் தருக்கம். இது பிழையான தருக்கம். கூட்டம் என்பது முகங்களின் வரிசையன்று. பலர் ஒருவர் சொல்வதை மற்றவர் செவிமடுத்து, மாறுபட்டும் உடன்பட்டும், யாவரையும் கட்டுப்படுத்தும் முடிவொன்றுக்கு வரும் செயலே அது. காட்சி அச்செயலுக்குத் துணையாகலாம். பல வேளைகளில் இடையூறும் ஆகலாம். செவிக்குரிய ஏற்பாடுகளைப் புறக்கணித்துக் கண்ணுக்குரிய ஏற்பாடுகளிற் பணத்தையும் அதிகாரத்தையும் செலவிடும் நிறுவனம், கூட்டம் என்ற பெயரில் வேறெதையோ நடத்துகின்றது.

சட்டம் இவ்விடயத்தில் முகாமையாளரை விடத் தெளிவாகச் சிந்தித்திருக்கின்றது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் முதலாம் அட்டவணையிலுள்ள மாதிரி விதிகள், பணிப்பாளர் சபை ஓரிடத்தில் ஒன்றுகூடியோ, ஒலிவழியாகவோ, ஒலியும் ஒளியும் சேர்ந்த வழியாகவோ கூட்டம் நடத்தலாம் என இடமளிக்கின்றன. அதற்கு அவை விதிக்கும் நிபந்தனை, கூட்டநடப்பெண்ணை ஆக்கும் பணிப்பாளர் அனைவரும் கூட்டம் முழுவதிலும், ஒரே நேரத்தில், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக்கூடியவராய் இருத்தல் வேண்டும் என்பதாகும். நியூசிலாந்தின் 1993ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்திலும் இதே நிபந்தனையைக் காணலாம். ஒருவரை ஒருவர் காணுதல் வேண்டும் என்று இவற்றிற் சொல்லப்படவில்லை. ஒளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூட்டம் செல்லும். ஒலி அறுந்தாற் செல்லாது. கேட்டல் ஒரு கணம் போதாது, ‘கூட்டம் முழுவதிலும்’ வேண்டும். ஒருவழிக் கேட்டல் போதாது, ‘ஒருவரை ஒருவர்’ கேட்டல் வேண்டும். சட்டவரைஞரின் வரண்ட சொற்களுள் கூட்டம் என்பதற்கு இதனினும் செறிவான இலக்கணத்தைக் காண்டல் அரிது. தமிழ் மரபும் இதற்கு அயலானதன்று. திருக்குறளிற் ‘கேள்வி’ என ஓர் அதிகாரம் உண்டு; ‘அவையறிதல்’ உண்டு; ‘அவையஞ்சாமை’ உண்டு. அவையில் முகம் எவ்வாறு தோன்றுதல் வேண்டும் என்பதற்கு அதிகாரம் எதுவும் இல்லை.

குரலோடு முகத்தையும் அனுப்பும் ஆசை புதியதுமன்று. 1927 ஏப்பிரல் 7ஆம் திகதி, அமெரிக்காவின் அந்நாள் வர்த்தகச் செயலாளர் ஹேர்பேர்ட் ஹூவர் வாஷிங்டனிற் பேசியதை நியூயோர்க்கில் இருந்தோர் கண்டும் கேட்டும் வியந்தனர். அன்று படம் ஒரு திசையிலேயே சென்றது. குரலோ இரு திசையிலும் சென்றது. 1964ஆம் ஆண்டின் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ஏ. ரி. அன்ட் ரி. கம்பனி தனது ‘பிக்சர்போன்’ என்னும் படத் தொலைபேசியைக் காட்சிக்கு வைத்தது. 1970இற் பிற்ஸ்பேர்க் நகரில் மாதம் 160 டொலர் கட்டணத்தில் அது வணிகர்களுக்கெனச் சேவைக்கு விடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அம்முயற்சி படுத்துவிட்டது. கட்டணம் மிகை என்பது உண்மையே. ஆயினும், தொலைபேசியிற் கேட்டும் பேசியும் அலுவலை முடித்துக்கொண்டிருந்த வணிகருக்கு, மேலும் ஒரு முகத்தைப் பார்ப்பதிலோ தம் முகத்தைக் காட்டுவதிலோ மாதம் 160 டொலர் பெறுமதி உண்டென்று தோன்றவில்லை என்பதும் உண்மையே. வாங்குவோரின் அத்தீர்ப்பை மறுத்தது சந்தையன்று, கொள்ளைநோய். 2011இல் எரிக் யுவான் நிறுவிய சூம் கம்பனியின் கூட்டங்களில் நாளொன்றுக்குப் பங்குபற்றியோர் தொகை 2019 டிசெம்பரில் ஏறத்தாழ 1 கோடியாக இருந்து 2020 ஏப்பிரலில் 30 கோடியாயிற்று. ஒரே ஆள் ஐந்து கூட்டங்களில் அமர்ந்தால் ஐந்தாக எண்ணப்படுவார் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் தகும். அவ்வெண்ணிக்கை முறையே அக்காலத்து அலுவலரின் நிலையை உரைக்கும். இலங்கையில் 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு தொடங்கியபோது நிறுவனங்கள் இவ்வசதியைத் தேர்ந்துகொள்ளவில்லை, அதனுள் தள்ளப்பட்டன. தள்ளப்பட்டவர்கள் விதிமுறை வகுக்க அவகாசம் இன்றி இருந்தனர் என்பது மன்னிக்கத்தக்கது. ஊரடங்கு நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் வகுக்காதிருப்பது மன்னிக்கத்தக்கதன்று.

கமெராவைக் கட்டாயமாக்குவோர் தமக்கு அறிவியலின் துணையுண்டு என்பர். மனிதத் தொடர்பாடலில் உடல்மொழிக்கு 55 வீதமும் குரலின் தொனிக்கு 38 வீதமும் சொற்களுக்கு 7 வீதமும் உரியன என்னும் கணக்கு பயிற்சி வகுப்புகளில் இன்றும் பலகையில் எழுதப்படுகின்றது. அல்பேர்ட் மெஹ்ராபியன் என்னும் உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரு சிறு ஆய்வுகளிலிருந்து பெறப்பட்ட கணக்கு இது. தனிச்சொற்களை வெவ்வேறு தொனியிலும் முகபாவத்திலும் தந்து, பேசுபவர் கேட்பவரை விரும்புகின்றாரா வெறுக்கின்றாரா என ஊகிக்கச் செய்த சோதனைகளே அவை. உணர்ச்சியும் மனப்பாங்கும் பற்றிய பேச்சுக்கன்றி ஏனையவற்றுக்கு இது பொருந்தாது என்பதை மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியுள்ளார். ஏற்றுமதிக் கட்டளையொன்றின் திகதியையும் தொகையையும் தீர்மானிக்கும் கூட்டத்திற் சொற்களுக்கு 7 வீதமே உரியது என்று கொள்பவர், அக்கட்டளையின் எஞ்சிய 93 வீதத்தை முகத்தைப் பார்த்தே நிறைவேற்ற முற்படுவாரா?

உண்மையான ஆய்வுகள் வேறு திசையைச் சுட்டுகின்றன. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021இற் காணொளிச் சோர்வுக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். மிக அண்மையிலிருந்து பல கண்கள் இடைவிடாது நோக்குதல், தன் முகத்தையே தான் நாள்முழுதும் பார்த்தல், சட்டகத்துக்குள் அசையாதிருத்தல், தலையசைப்பு முதலிய சிறு குறிப்புகளை வலிந்து காட்டவும் அறியவும் வேண்டியிருத்தல் என்பன அவை. நான்கும் காட்சியாற் பிறப்பவை. ஒலியாற் பிறந்தது ஒன்றுமில்லை. அதே ஆண்டில் வெளிவந்த நான்கு வாரக் களப் பரிசோதனையொன்று, 103 ஊழியரைக் கொண்டு, கமெரா திறந்திருத்தல் சோர்வை மிகுவிக்கின்றதென்றும், அச்சோர்வு பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தோருக்கும் கூடுதலானதென்றும் கண்டது. ஏற்கெனவே பேசத் தயங்குவோர் எவரோ, அவர்கள் மேலேயே இச்சுமை கூடுதலாக விழுகின்றது என்பது நோக்கற்பாலது. கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் 99 இணைகளைக் கொண்டு செய்த ஆய்வு இன்னும் ஒருபடி செல்கின்றது: படமின்றிக் குரலால் மாத்திரம் இணைந்து பணிபுரிந்தோரிடையே பேச்சுமுறை மேலும் சமமாகப் பகிரப்பட்டது, கூட்டறிவுக்குப் படம் வேண்டப்படவுமில்லை. இவையெல்லாம் சில நூறு பேரைக் கொண்ட ஆய்வுகள். இறுதித் தீர்ப்புகள் அல்ல. எனினும், கமெராவை அணைத்த ஊழியர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க முனைவோரிடம் இவ்வளவுதானும் சான்றில்லை.

அவ்வாறாயின் கட்டாயம் எதற்கு? விடை எளிது. மேசையருகே சென்று நிற்க இயலாத முகாமையாளருக்குத் திரை ஒரு சாளரமாகின்றது. ஊழியர் இருக்கின்றாரா என்று அறிவதே அவருடைய தேவை. ஊழியர் என்ன நினைக்கின்றார் என்று அறிவதன்று. வருகைப் பதிவேட்டின் வேலையைக் கூட்டத்தின் தலையிற் கட்டிவிட்டுக் கூட்டம் பயன் தரவில்லை என்று பின்னர் குறைகூறுகின்றனர்.

காட்சிக்குரிய விலையையும் இலங்கையில் எல்லோரும் சமமாகச் செலுத்துவதில்லை. குரலுக்கு வேண்டிய தரவு, தெளிவான காட்சிக்கு வேண்டியதிற் பத்தில் ஒரு பங்களவேயாகும். கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்தில் ஒளியிழை இணைப்பு உண்டு. கிளை அலுவலரோ தம் கைத்தொலைபேசியின் தரவுப் பொதியைக் கொண்டு வீட்டின் முற்றத்தில் நின்று இணைகின்றார். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நிலவிய நாட்களில், படத்தை அணைத்துக் குரலை மாத்திரம் காத்துக்கொண்டவரே கூட்டத்தில் எஞ்சினர். படத்தை வற்புறுத்திய தலைவர்கள் தம் கிளைகளை ஒவ்வொன்றாக இழந்தனர். திரையில் உறைந்து நின்ற முகங்களை நோக்கித் தாமே பேசிக்கொண்டனர்.

ஒலியிற் கவனஞ்செலுத்துதல் என்பது விலையுயர்ந்த ஒலிவாங்கியை வாங்குதலோடு முடிவதன்று. காலதாமதமே பெரிய இடர். நேருக்கு நேரான உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி, மொழி எதுவாயினும், ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் அளவினதே. 2009இற் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வு மொழிக்கு மொழி சிறு வேறுபாடுகளையே கண்டது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் குரல் ஒரு திசையிற் செல்ல 150 மில்லிசெக்கனுக்கு மேற்படாதிருத்தல் விரும்பத்தக்கது என்கின்றது. தொலைதூர இணைப்புகளிலும் நலிந்த இணைப்புகளிலும் இவ்வெல்லை எளிதிற் கடக்கப்படும். கடக்கப்பட்டதும் யாது நிகழும் என்பதை அறியாதாரில்லை. இருவர் ஒரே வேளையிற் பேசத் தொடங்குவர், இருவரும் நிறுத்துவர், ‘நீங்கள் சொல்லுங்கோ’ என இருவரும் உபசரிப்பர், மீண்டும் இருவரும் ஒருங்கே தொடங்குவர், ஈற்றிற் பதவியில் உயர்ந்தவர் பேசுவார், மற்றவர் வாளாவிருப்பார். இணைப்பின் குறையாகத் தொடங்கியது அதிகாரத்தின் ஒழுங்காக முடிகின்றது. அந்த இரண்டாமவர் சொல்லவிருந்தது என்ன என்பதைக் கூட்டம் அறிவதேயில்லை.

இதற்கு மருந்து எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. அது பழைய மருந்து. இலங்கையின் எந்தவொரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டத்தை நோக்கினும் அதில் ஒரு தலைவர் இருப்பார். நிகழ்ச்சி நிரல் இருக்கும். சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டுத் திருத்தங்களோடு ஏற்கப்படும். ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார். தலைவரின் அனுமதியோடே உறுப்பினர் எழுந்து பேசுவார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களிலும் இதுவே மரபு. இம்மரபைக் கொழும்பின் படித்த முகாமையாளர் பழங்காலத்துச் சம்பிரதாயம் என நகைப்பர். ஒரே அறையில் இருப்போர் கண்ணாற் குறிப்பறிந்து முறைவைத்துக் கொள்ளலாமாதலின் அந்நகைப்புக்கு அங்கு ஓரளவு இடமிருந்தது. குறிப்பறிய இயலாத திரையிலோ அச்சம்பிரதாயம் தவிர்க்கவியலாத் தேவையாகின்றது. தலைவர் பெயர் சொல்லி அழைத்தல் வேண்டும். முதலில் இளையவரை அழைத்தல் வேண்டும். மூத்தவர் முன்னரே கருத்துரைத்துவிட்டால் இளையவர் உடன்படுதலன்றி வேறு செய்யார். ஒவ்வொரு பொருளின் முடிவிலும் எட்டப்பட்ட தீர்மானத்தைத் தலைவர் வாய்விட்டுச் சொல்லி, மறுப்புண்டா என வினவி, செயலாளரைக் கொண்டு எல்லோர் கண்முன்னும் எழுதுவித்தல் வேண்டும். திரைக்கு உண்மையிலேயே ஒரு பயனுண்டாயின் அது இதுவே: ஒன்பது முகங்களைக் காட்டுதற்குப் பதிலாக எழுதப்படும் தீர்மானத்தைக் காட்டலாம். தற்போது இயந்திரம் தானே கூட்டச் சுருக்கம் எழுதித் தருகின்றது என்று சிலர் மகிழ்கின்றனர். யார் யார் என்ன பேசினர் என்பதை இயந்திரம் தொகுக்கக்கூடும். முடிவுக்குப் பொறுப்பேற்று ஒப்பமிடும் செயலாளரின் இடத்தை அது நிரப்பாது. பேசப்பட்டதும் முடிவானதும் ஒன்றல்ல.

தலைவரின் அதிகாரம் திரையில் முன்பில்லாத ஒரு கருவியையும் பெற்றுள்ளது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எந்த அவைத்தலைவரும் இதுவரை உறுப்பினர் ஒருவரின் வாயைக் கையால் மூடியதில்லை. காணொளிக் கூட்டத்தை நடத்துபவரோ ஒரு பொத்தானை அழுத்தி எல்லோரையும் ஊமையாக்கலாம், வெளியேற்றவும் செய்யலாம். இங்கிலாந்தின் செஷயரிலுள்ள ஹான்ட்போர்த் கிராம சபையின் 2020 டிசெம்பர்க் கூட்டத்திற் சபைத் தலைவரே கூட்டத்தினின்று நீக்கப்பட்டார். 2021 பெப்புருவரியில் அதன் ஒளிப்பதிவு பரவியபோது உலகம் நகைத்தது. நகைத்தவர்கள் அங்கு எழுந்த வினாவைக் கேட்கத் தவறினர். பொத்தான் யார் கையில் இருத்தல் வேண்டும், எவ்விதியின் கீழ் அது அழுத்தப்படலாம் என்பதே அவ்வினா. இலங்கைக் கம்பனிகள் பல ஆண்டுப் பொதுக்கூட்டங்களையும் நிகழ்நிலையில் நடத்தத் தலைப்பட்டுள்ள இக்காலத்திற் சிறு பங்குதாரர் ஒருவரின் கேள்வி எழுத்துப் பெட்டியுள் விழுந்து வாசிக்கப்படாமலே போதல் மிக எளிது. மண்டபத்தில் எழுந்து நின்ற மனிதரை அவ்வாறு காணாததுபோல் விடுதல் இயலாது.

விதியுள்ள செயல் இடம்பெயர்ந்தாலும் சிதையாது என்பதற்கு இலங்கையிலேயே சிறந்த சான்றுண்டு. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. தரகரும் வாங்குவோரும் ஒரு மண்டபத்தில் நெருங்கியிருந்து, குரல் எழுப்பி, சுத்தியலின் ஒலியோடு விலை முடிக்கும் முறை அதனுடையது. நேரிற் கூடுதலின்றி இயலாத தொழில் எதுவெனக் கேட்டால் பலர் இதனையே சுட்டியிருப்பர். 2020 ஏப்பிரலில் ஊரடங்கின் நடுவே அது இணையவழிக்கு மாறியது. தேயிலை விற்பனை தொடர்ந்தது. எவருடைய முகமும் அதற்கு வேண்டப்படவில்லை. ஏனெனில் வேலையின் பெரும்பகுதி ஏலத்துக்கு முன்னரே முடிந்துவிடுகின்றது: மாதிரிகள் முன்கூட்டியே வாங்குவோருக்குச் சென்றுவிடும், அவர்கள் சுவைத்து மதிப்பிட்டுவிடுவர், பட்டியல் கையில் இருக்கும், ஒவ்வொரு தொகுதிக்கும் இலக்கமுண்டு, யார் எப்போது விலை கேட்கலாம், எப்போது விலை முடிந்தது என்பதில் மயக்கமில்லை. இதே காலத்தில், சாதாரண வாராந்தக் கூட்டமொன்றைத் திரைக்கு மாற்ற முடியாமற் தடுமாறிய நிறுவனங்கள் எத்தனை! ஏலத்துக்கு விதி இருந்தது; அவற்றின் கூட்டங்களுக்கு விதி எக்காலத்திலும் இருந்ததில்லை. அறையின் நெருக்கம் அக்குறையை மறைத்து வந்தது. திரை அதனை வெளிப்படுத்தியது. குற்றம் திரைமேற் சுமத்தப்படுகின்றது.

அனைவரும் அலுவலகம் மீண்டால் எல்லாம் சீராகும் என்று வாதிடும் மற்றொரு சாராருக்கும் இதுவே மறுமொழி. அவர்களது வாதத்தில் ஓர் உண்மை உண்டென்பதை மறுத்தற்கில்லை. 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு, இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் பொறியியலாளரிடையே நடத்தப்பட்டது. நேரில் அமர்ந்த இணைகள் திரைவழி இணைந்தோரைக் காட்டிலும் கூடுதலான புதுக் கருத்துகளைத் தோற்றுவித்தன என்று அது கண்டது. திரையிற் குத்திட்டு நிற்கும் பார்வை சிந்தனையையும் குறுக்கிவிடுகின்றது என்பது ஆய்வாளரின் விளக்கம். ஆயின் தோன்றிய கருத்துகளுட் சிறந்ததைத் தெரிவதில் திரைவழி இணைந்தோர் பின்தங்கவில்லை. ஆகவே புதியன நாடும் கலந்துரையாடலுக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை யாழ்ப்பாணத்துக் கிளையையும் மட்டக்களப்புக் கிளையையும் பேருந்துக் கட்டணம் கொடுத்து அழைத்தல் தகும். முன்வைக்கப்பட்டவற்றுட் தெரிவு செய்யும் கூட்டத்துக்கு அழைத்தல் வீண்செலவு. பெரும்பாலான நிறுவனங்கள் இதற்கு நேர்மாறாகவே செய்கின்றன.

இரண்டுங்கெட்டான் ஏற்பாடு ஒன்றும் இப்போது பெருகியுள்ளது. தலைமை அலுவலகத்தில் எண்மர் ஒரு மேசையைச் சூழ்ந்திருப்பர். மூலையிலுள்ள பெருந்திரையிற் கிளையலுவலர் மூவர் தோன்றுவர். மேசையின் நடுவிலுள்ள ஒலிவாங்கி அண்மையில் இருப்பவரின் தேநீர்க் கோப்பையின் ஒலியைத் துல்லியமாகவும், தொலைவில் இருப்பவரின் கருத்தை முணுமுணுப்பாகவும் அனுப்பும். அறையில் எழும் பகிடிக்கு எண்மரும் சிரிப்பர். மூவரும் காரணம் அறியாது புன்னகைப்பர். கூட்டம் முடிந்தபின் வாசலில் இருவர் நின்று உண்மையான முடிவை எடுப்பர். மூவரும் கூட்டத்திற் ‘பங்குபற்றினர்’ என்று அறிக்கை கூறும். முன்னர்ச் சுட்டிய சட்ட நிபந்தனையின் உரைகல்லில் இட்டு நோக்கின் இஃது எண்மரின் கூட்டமே, மூவர் பார்வையாளர். ஒருவர் திரையில் இருப்பாராயின் அனைவரும் தத்தம் ஒலிவாங்கியோடு திரைக்கு வருதல், அன்றேல் தலைவராவது அறைக்கு வெளியிலிருந்து தலைமை தாங்குதல், இக்கேட்டைப் பெரிதும் நீக்கும். செலவு எதுவும் இல்லை. எண்மரின் வசதி சற்றுக் குறையும். அதனாலேயே இது நடைமுறைக்கு வருவதில்லை.

கூட்டமே வேண்டாத இடத்திற் கூட்டம் கூட்டுதல் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒருவர் அறிக்கையை வாசிக்க இருபதுபேர் கேட்டிருப்பதாயின் அறிக்கையை அனுப்பினாற் போதும். அமேசன் நிறுவனத்தில் ஜெஃப் பெசோஸ் 2004இல் மேல்மட்டக் கூட்டங்களினின்று விளக்கப்படங்களை விலக்கினார். ஆறு பக்கத்துக்கு மேற்படாத உரைநடை அறிக்கையை யாவரும் முதலில் மௌனமாக வாசித்துப் பின்னர் பேசும் வழக்கம் அங்கு நிலைபெற்றது. அந்நிறுவனத்தின் தொழிலாளர் நடைமுறைகளைப் போற்றாதவரும் இவ்வழக்கத்தை இரவல் பெறலாம்.

கேட்டலைக் களைந்துவிட்டாற் காணொளி என்னவாகும் என்பதற்குக் கொடிய எடுத்துக்காட்டும் உண்டு. 2022 மார்ச் 17ஆம் திகதி, பிரித்தானியாவின் பீ அன்ட் ஓ கப்பற் சேவைக் கம்பனி ஏறத்தாழ 800 கடற்றொழிலாளரை வேலையினின்று நீக்கியது. செய்தி முன்னரே பதிவுசெய்யப்பட்ட காணொளி மூலம் அவர்களுக்குக் காட்டப்பட்டது. முகம் இருந்தது, ஒலி தெளிவாயிருந்தது, கையேடுகள் கூறும் ஒளியமைப்பும் குறைவின்றி இருந்திருக்கலாம். ஒரு தொழிலாளியேனும் திரும்ப ஒரு சொற் சொல்ல வழியிருக்கவில்லை. இதனை விதிவிலக்கான கொடுமை என்று கூறி ஒதுக்குவது எளிது. ஆனால் நாள்தோறும் எல்லோரையும் ஊமையாக்கிவிட்டு ஒரு மணித்தியாலம் பேசி, ‘கேள்விகள் உண்டா’ எனக் கடைசி ஒரு நிமிடத்தில் வினவும் கூட்டங்களுக்கும் அதற்கும் இடையே உள்ள வேறுபாடு, அந்த ஒரு நிமிடமே.

திரை இடத்தின் தொலைவை நீக்கியது. நேரத்தின் தொலைவை நீக்கவில்லை. இலங்கை ஆடைத்தொழிலின் மிகப்பெரும் கொள்வனவு நாடு அமெரிக்கா. நியூயோர்க்கிற் காலை 10 மணிக்குக் கொள்வனவாளர் தேநீரோடு அமரும்போது கொழும்பிற் கோடைகாலமாயின் இரவு 7.30, மாரியாயின் 8.30. அக்கூட்டம் ஒன்றரை மணித்தியாலம் நீளுமாயின் கட்டுநாயக்காவின் ஊழியை எப்பேருந்தில் வீடு செல்வது, குழந்தைக்கு உணவூட்டுவது யார் என்பன நிகழ்ச்சி நிரலில் இடம்பெறா. வீட்டிலிருந்தே இணையலாமே என்பர். அவ்வாறு இணைந்தால் அவ்விரவும் அலுவலக நேரமாகின்றது, மேலதிக நேரப் படி இன்றி. முன்பு கொள்வனவாளர் ஆண்டுக்கு ஒருமுறை விமானமேறி வந்து கொழும்பின் பகலிற் பேசினர். இன்று பேச்சு வாரத்துக்கு மூன்று முறை. எப்போதும் அவர்களது பகலில். ஒரு வாரம் இங்கு இரவு, மறுவாரம் அங்கு அதிகாலை என முறைவைத்து மாற்றுவதற்குத் தொழில்நுட்பத் தடை ஒன்றுமில்லை. கேட்டுப்பார்க்கும் துணிவு இலங்கை முகாமையாளரிடம் இல்லை. தாம் கேட்காததைத் தம்கீழ் உள்ளோரிடம் ‘உலகமயச் சந்தையின் நியதி’ என விளக்குகின்றனர்.

ஈற்றில் மொழி. கேட்டல் என்பது ஒலி செவியில் விழுதல் மாத்திரமன்று, பொருள் விளங்குதலுமாகும். கொழும்புத் தலைமையகத்தின் காணொளிக் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். சூடேறும் இடத்திற் சிங்களத்துக்கு மாறும். வவுனியாக் கிளையின் முகாமையாளர் இரண்டிலும் பாதி விளங்கி, தம் மாவட்டத்தின் கடன் நிலுவை பற்றித் தாம் மாத்திரமே அறிந்த செய்தியை மூன்று ஆங்கில வாக்கியங்களுட் சுருக்கி முடித்துவிடுவார். தமிழிற் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் சொல்லியிருப்பார். அப்பத்து நிமிடத்துக்காகவே அவர் அழைக்கப்பட்டார். இலங்கைப் பாராளுமன்றத்தில் மும்மொழிகளுக்கும் உடனுக்குடன் உரைபெயர்ப்பு நீண்டகாலமாக நடந்துவருகின்றது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தனியார் கம்பனியின் கூட்ட அறைவரை அது நீளாது. ஆயின் திரை இங்கு ஓர் அரிய வாய்ப்பைத் தந்திருக்கின்றது. உரைபெயர்ப்பாளருக்கென வேறான ஒலித்தடம் அமைத்து, கேட்பவர் தாம் விரும்பும் மொழியைத் தெரிந்துகொள்ளும் வசதி சூம் முதலிய செயலிகளில் உண்டு. கூட்டத்துக்கு ஓர் உரைபெயர்ப்பாளரை இரண்டு மணித்தியாலம் அமர்த்தினாற் போதும். மண்டபமோ கண்ணாடிக் கூண்டோ தலையணி ஒலிபெருக்கியோ தனியாக வாங்க வேண்டியதில்லை. வட கிழக்கிலும் மலையகத்திலும் கிளைகள் கொண்ட நிறுவனங்கள் தம் தலைமை அலுவலகங்களிற் சுவரளவு திரைகளை நிறுவுகின்றன. அவ்வசதியைத் திறக்கும் பொத்தான் எங்குள்ளது என்று அவற்றின் கூட்டச் செயலாளர்களைக் கேட்டால் தேடித்தான் பார்க்க வேண்டும் என்பார்கள்.